பூந்திக்கொட்டையில் அலசிய பட்டு

பட்டுப்புழுவுக்கு மூலை கிடைக்காவிட்டால் அது கூடு கட்டாது. பன்னிரண்டு வருடமாகப் புழு வளர்க்கிறேன், இது எனக்குத் தெரியாமல்தான் இருந்தது. இலை தின்று முடித்துப் பழுத்த புழுவை வலைத் தட்டில் விடுவோம். அது ஏதாவது ஒரு இடுக்கைப் பிடித்துக்கொண்டு தன்னைச் சுற்றி நூலை இழுக்கும். இரண்டு மூன்று நாளில் கூடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு நாலு நாள் பொறுத்துக் கூட்டைப் பறித்து அங்காடிக்குக் கொண்டு போவோம். நான் அறிந்த பட்டு இவ்வளவுதான். பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லாத வழவழப்பான பலகையில் விட்டால் புழு என்ன செய்யும் என்று யாரும் என்னிடம் கேட்டதில்லை. நானும் யாரிடமும் கேட்டதில்லை.

கேட்டவள் பண்பொழிக்காரப் பெண். திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறவள், முப்பது வயதுக்குள் இருக்கும். ஒரு வைகாசி மாதம் ஸ்கூட்டரில் ஆய்க்குடிக்கு வந்து, எங்கள் புழு மனை வாசலில் நின்றுகொண்டு, "யக்கா, உள்ள வரலாமா?" என்றாள். அவளுக்கு முன்னால் பவுடர் வாசம் வந்துவிட்டது.

"வரலாம். மொகத்தக் கழுவிட்டு வா. பவுடர் வாசம் புழுவுக்கு ஆகாது" என்றேன்.

முகம் சுளிப்பாள் என்று பார்த்தேன். "எங்க லேப்லயும் இதே கதைதான் யக்கா. வளையலக் கூட கழட்டி வச்சிட்டுத்தான் உள்ள போகணும்" என்று சொல்லிக்கொண்டே குழாயடிக்குப் போனாள். எனக்குப் பிடித்துப்போயிற்று. இலை வெட்ட வருகிற பெண்களில் ஒருத்தி அடிக்கடி சொல்வாள்: "புழுக்காரிக்குச் சொந்தக்காரி மூக்குலதான் தெரியும்." வாசம் இல்லாமல் வருகிறவள்தான் எங்களுக்குச் சொந்தம் என்று அர்த்தம்.

அவளுக்கு வேண்டியது கூடு அல்ல. பட்டு நூலைப் புழுவே ஒரு தகடு போல, ஒரு துணி போல, தட்டையாகப் பரப்பித் தர வேண்டும். அந்தப் பட்டுத் தகட்டைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, அதன் மேல் மனிதத் தோலின் செல்லை வளர்த்துப் பார்க்கிறாள். தீக்காயம் பட்டவர்களுக்கும், ஆறாத புண் உள்ளவர்களுக்கும் ஒரு நாள் அது பயன்படலாம் என்பது அவள் கணக்கு.

"அப்பம் எங்க புழு துப்புததக் கொண்டு போய் மனுசன் ஒடம்புல வைக்கப் போற?" என்றேன்.

"சாரம் கட்டுவாங்கல்லா யக்கா, வீடு கட்டும்போது? சவுக்குக் கம்பு வச்சி? அது மாதிரிதான். ஒடம்புல சதை வளரணும்னா ஏறி நிக்க ஒரு சாரம் வேணும். வீடு எழும்புனதும் சாரத்தப் பிரிச்சிருவாங்க. இந்தப் பட்டுச் சாரத்த யாரும் பிரிக்க வேண்டாம், கொஞ்சங் கொஞ்சமா ஒடம்பே கரைச்சிரும். அதுக்குள்ள புதுத் தோலு நின்னுரும்."

என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர். பக்கத்தில் இலைக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து முழங்கையைத் திருப்பிக் காட்டினார். பழைய தழும்பு. "எனக்குத் தையல் போட்டது பட்டு நூலுன்னுதான் டாக்டர் சொன்னாரு. பெறவு பிரிச்சாங்க. பிரிக்கும்போதுதான் வலி."

"அந்தப் பிரிக்கிற வேலையும் இல்லாமப் பண்ணத்தான் அண்ணாச்சி இவ்வளவு பாடு" என்றாள் அவள்.

பட்டாளத்துக்காரருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அன்று சாயந்திரமே பலகை தேட ஆரம்பித்துவிட்டார்.

முதலில் பெரிய எவர்சில்வர் தாம்பாளத்தில் விட்டுப் பார்த்தோம். புழுக்கள் எல்லாம் ஊர்ந்து ஊர்ந்து விளிம்போரம் போய், அங்கே வரிசையாகக் கூடு கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டன. விளிம்பும் அதற்கு ஒரு மூலைதான். பிறகு மைக்கா ஒட்டிய பலகை ஒன்றை ஒரு முக்காலி மேல் தூக்கி வைத்தோம். சுற்றிலும் ஒன்றும் இல்லை. ஓரத்துக்குப் போன புழு தலையை வெளியே நீட்டி இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தது, பிடிக்க எதுவும் கிடைக்காமல் திரும்பி வந்தது. கொஞ்ச நேரம் அலைந்துவிட்டு, இருந்த இடத்திலேயே நூலை இழுத்துப் பரப்பத் தொடங்கியது. ஒன்றின் மேல் ஒன்று ஊர்ந்து எல்லாம் சேர்ந்து பரப்பியதில், மூன்றாம் நாள் பலகை முழுக்க வெள்ளைத் தகடு. வீட்டுக்காரர் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து உரித்தார். அப்பளம் போல வந்தது.

அதில் மஞ்சள் கறை இருந்தது. நூல் விடுவதற்கு முன் புழு கடைசியாக ஒருமுறை மூத்திரம் போகும், வலைத் தட்டில் அது கீழே சொட்டிவிடும், பலகையில் அங்கேயே நின்றுவிட்டது. அடுத்த முறை, புழுவைக் காகிதத்தில் விட்டுக் காத்திருந்து, காகிதம் நனைந்த பிறகே பலகையில் ஏற்றினோம். இதற்கென்று வீட்டுக்காரர் காவல் நின்றார். "சேவையில இருக்கும்போது எல்லையக் காத்தேன், இப்பம் புழு ஒண்ணுக்குப் போறதக் காக்கேன்" என்று இலை வெட்டும் பெண்களிடம் அவரே சொல்லிச் சிரித்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பலகையில் நூல் விட்ட புழு, கூடு இல்லாமலேயே கூட்டுப்புழுவாகி அந்தத் தகட்டின் மேல் கிடக்கும். அதைப் பொறுக்கி ஒரு கூடையில் போட்டு வைத்தேன். பத்துப் பன்னிரண்டு நாளில் கூடை நிறைய அந்துப்பூச்சி. நாங்கள் கூட்டோடு விற்றுவிடுகிறவர்கள். அங்காடியில் வாங்குகிறவர்கள் கூட்டை வேக வைத்து நூல் எடுப்பார்கள். அதனால் என் வீட்டில் பூச்சி வெளியே வந்து நான் பார்த்ததே சில தடவைதான். அதைப் பெரிதுபடுத்தவில்லை, பார்த்தேன் என்று சொல்கிறேன்.

முதல் இரண்டு தகடுகளை அந்தப் பெண்ணே எடுத்துப்போய்க் காய்ச்சிக்கொண்டாள். புழுவின் நூலில் ஒரு பசை உண்டு. சலவைச் சோடா கலந்த தண்ணீரில் கொதிக்க விட்டு அந்தப் பசையை எடுத்த பிறகே உடம்புக்கு ஆகுமாம். அவள் காய்ச்சிய துண்டுகளில் செல் வளர்ந்தது. போனில் படம் காட்டினாள். ரோஸ் நிறத் தண்ணீருக்குள் நீள நீளமாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. "இந்தத் தண்ணிதான் இதுக்குச் சாப்பாடு யக்கா. ஒண்ணு விட்டு ஒரு நாள் மாத்தணும். ஞாயித்துக்கிழமை கெடையாது, நல்ல நாளு கெடையாது" என்றாள். எனக்கு அவள் வேலை அப்போது முழுசாகப் புரிந்தது. நானும் கல்யாண வீட்டுக்குப் போனால் தாலி கட்டுவதைப் பார்த்ததும் ஓடி வருகிறவள்தானே.

அடுத்ததுதான் பெரிய சோதனை. நிறையத் துண்டுகள் வேண்டும், எல்லாம் ஒரே தடவையில் காய்ச்சியதாக இருக்க வேண்டும். அவளுடைய கல்லூரியில் செல் வளர்க்கும் அறை கிடையாது. வேறோர் இடத்தில் கேட்டு வாங்கியிருந்தாள், ஆடி மாதக் கடைசி வரை. அதற்குள் பெரிய சோதனையில் செல் பிடித்து வளர்ந்துவிட்டால் ஆராய்ச்சி தொடரும். வளராவிட்டால் ஆராய்ச்சித் தலைப்பை மாற்றச் சொல்லிவிடுவார் அவளுடைய பேராசிரியர். நாலு வருட உழைப்பு போகும். ஆனி நடுவில் தகடுகள் தயாரானபோது செல்லுக்குச் சாப்பாடு மாற்றும் நாளாகிவிட்டது, அவளால் வர முடியவில்லை. "நானே காய்ச்சித் தாரேன், எங்கிட்ட விடு" என்றேன்.

எழுதி அனுப்பினாள். நிறுத்துப் பொட்டலம் கட்டிய சோடா, கேன்களில் சுத்தத் தண்ணீர், ஒரு காகிதம். அரை மணி நேரம் கொதிக்க விடு, தண்ணீரை மாற்றி இன்னும் அரை மணி நேரம் கொதிக்க விடு, கேன் தண்ணீரில் பல தடவை அலசு, வெள்ளைத் துணியில் நிழலில் காய வை. கடைசி வரி: 'தண்ணீர் தவிர வேறு எதுவும் சேர்க்க வேண்டாம்.' நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், ஆனாலும் எழுத்துக்கூட்டாமல் படிப்பேன். படித்தேன். அப்படியே செய்தேன்.

காய்ந்த பிறகு பார்த்தால் தகடு விறைப்பாக, ஒளி செத்துப் போயிருந்தது. பட்டு மாதிரியே இல்லை. மனிதன் உடம்புக்குப் போகிற பொருளை இப்படியா கொடுத்து அனுப்புவது என்று மனசு கேட்கவில்லை. பட்டுச் சேலை மங்கினால் என்ன செய்வோம்? அதற்கு முந்தின வாரம்தான், குற்றாலச் சீசனுக்கு வந்த சொந்தக்காரர்களோடு ஐந்தருவிக்குப் போயிருந்தேன். அங்கே கடையில் ரம்புட்டான் விற்கிறவனுக்குப் பக்கத்தில் ஒருவர் நெல்லிக்காயும் பூந்திக்கொட்டையும் குவித்து வைத்திருந்தார். வாங்கி வைத்த பூந்திக்கொட்டை வீட்டில் இருந்தது. கொட்டையை உடைத்து ஒரு பேசினில் ஊறப்போட்டு, கையால் கசக்கி நுரை எழுப்பி, தகடுகளை ஒவ்வொன்றாக அதில் போட்டு மெல்ல அலசினேன். மீதி இருந்த கேன் தண்ணீரில் ஒரு அலசு. அவ்வளவுதான். காய்ந்ததும் தகடு மின்னியது.

அவள் வந்து வாங்கிப் பார்த்து, "என்ன யக்கா, எனக்கு இப்படி வர மாட்டேங்குது!" என்றாள்.

"கைப் பக்குவம்" என்றேன். சொன்னபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

செல் செத்துப்போயிற்று. ஒரு நாள் கூட நிற்கவில்லை. அவள் கிருமி நீக்கியதில்தான் பிழை என்று நினைத்து, அதே தகட்டில் வேறு துண்டு எடுத்து மறுபடியும் வைத்தாள். அதுவும் போயிற்று. கருவியைச் சோதித்தாள், ரோஸ் தண்ணீரை மாற்றினாள், கையுறையை மாற்றினாள். எல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். ஆடி பிறந்து பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து, சாரல் அடித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்து, நனைந்த தலையோடு உட்கார்ந்தாள்.

"யக்கா, நான் விட்டுருதேன். செங்கோட்டையில ஒரு பள்ளிக்கூடத்துல டீச்சர் வேலைக்கி கூப்புடுதாங்க. எங்கையில ஏதோ கோளாறு. மொதல்ல வளந்தது இப்பம் வளர மாட்டேங்குது. கொறளி வித்தை காட்டுன மாதிரி செத்துச் செத்துப் போகுது."

"நல்லாக் கழுவுனியா?" என்று ஒன்றும் தெரியாமல் கேட்டேன்.

"கழுவாம? கண்ணாடிக் குழாயில போட்டுக் குலுக்குனேன், லேசா நொரை கூட வந்துச்சி. பசை மிச்சம் இருக்கும் போல, அதான் நொரைக்கின்னு மறுபடியும் கழுவுனேன்."

நுரை என்ற சொல் என் காதில் விழுந்தது. என் கை அந்தப் பேசினில் நுரையோடு இருப்பது கண்ணில் வந்தது. பன்னிரண்டு வருடம் புழுவைப் பவுடர் வாசத்தில் இருந்தும் கொசுவத்திப் புகையில் இருந்தும் காப்பாற்றத் தெரிந்தவளுக்கு இது தெரியாமல் போயிற்று.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 'சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம்' என்பார்களே, அந்த இடத்தில் இருந்தேன். காப்பி போட்டுக் கொடுத்தேன். துண்டு கொடுத்துத் தலையைத் துவட்டச் சொன்னேன். "ஒங்கையில ஒரு கோளாறும் இல்லட்டி" என்று மட்டும் சொன்னேன். ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். சாரல் விட்டதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்று என்னைக் கேலி செய்யாத ஆள் இந்தத் தெருவில் கிடையாது. அன்று எனக்கு வாசல் வரைக்கும் கூட வாய் போகவில்லை.

மறுநாள் காலையில் புழுவுக்கு இலை போட்ட கையோடு, மிஞ்சியிருந்த தகட்டில் ஒரு துண்டு வெட்டி ஒரு பாட்டிலில் போட்டேன். அவள் முன்பு காய்ச்சியதில் மாதிரிக்கென்று எனக்குக் கொடுத்திருந்த துண்டை இன்னொரு பாட்டிலில் போட்டேன். இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர். குலுக்கி வைத்தேன். அவளுடையதில் ஒன்றும் இல்லை. என்னுடையதில் கழுத்துவரை நுரை நின்றது, போகவே இல்லை.

வீட்டுக்காரர் வந்து பார்த்தார். "என்னட்டி இது, பால் காச்சுதியா?"

சொன்னேன். முழுசாகச் சொன்னேன், கைப் பக்குவம் என்று சொன்னதையும் சேர்த்து.

அவர் திட்டவில்லை. பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "சின்னதுல கால்வாய்ல தண்ணி வத்துற நேரத்துல, பூந்திக்கொட்டைய இடிச்சித் தேங்குன குட்டையில போடுவோம். கொஞ்ச நேரத்துல மீனு வெள்ளை வயித்தக் காட்டிக்கிட்டு மெதக்கும், அள்ளிக்கிட்டு வருவோம். மீனே தாங்காது. அந்தப் பிள்ள வளக்குத செல்லு, மீன வுட எத்தன மடங்கு சின்னது?"

"இத நீங்க அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"நீ பட்டுக்குப் போட்டத எங்கிட்ட சொன்னியா? பூந்திக்கொட்டை வாசம் வந்துச்சி, நீ சேலை அலசுதன்னு நெனச்சேன்" என்றார். பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு, "வண்டிய எடுக்கட்டா?" என்றார்.

பழக்கம் பொல்லாதது, பாறையிலும் கோழி சீய்க்கும் என்று சொல்வது சும்மா இல்லை. பாறையில் புழுவும் இல்லை, தானியமும் இல்லை. ஆனாலும் கோழி காலால் சீய்க்கும். மங்கின பட்டைப் பார்த்ததும் என் கை பூந்திக்கொட்டை டப்பாவுக்குப் போனதும் அப்படித்தான். இப்படிப் பழமொழி சொல்லி என் மேல் உள்ள குற்றத்தைக் கோழி மேல் போடப் பார்க்கிறேன் என்று வழியெல்லாம் எனக்கே தோன்றியது. பண்பொழி போய்ச் சேரும்வரை பாட்டில்கள் இரண்டையும் மடியில் வைத்திருந்தேன்.

அவள் வீட்டு வாசலில் நெல் காயப்போட்ட தார்ப்பாயைச் சாரலுக்குப் பயந்து சுருட்டிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே பாட்டில்களைக் குலுக்கி அவள் கையில் கொடுத்தேன். "இது நீ காச்சுனது. இது நான் காச்சுனது. நான் பூந்திக்கொட்டையில அலசுனேன். மின்னட்டும்னு."

அவள் நுரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகத்தில் ரத்தம் ஏறியது.

"எழுதித் தந்தேம்லா யக்கா. தண்ணியத் தவுர வேற எதுவும் வேண்டாம்னு எழுதுனேம்லா!"

"எழுதுன. நானும் படிச்சேன். எங்களுக்குப் பட்டுக்குப் பூந்திக்கொட்டைங்கது வேற எதுவும் இல்ல பிள்ள. அதுவும் தண்ணி மாதிரிதான். எண்ணெயில கடுகு போடுதது மாதிரி. போட்டேன்னு கூட நெனப்பு இல்ல, நீ நொரைன்னு சொல்லுத வரைக்கும்."

"நேத்தே தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"நேத்து சொல்லியிருந்தா நான் ராவெல்லாம் அழுதிருக்க மாட்டேன்" என்றாள். வீட்டுக்காரர் வண்டியைத் துடைப்பது போலத் திரும்பிக்கொண்டார். அவள் உள்ளே போனாள். இனி வர மாட்டாள் என்றுதான் நினைத்தேன். காலண்டரைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"புழு இப்பம் எந்தப் பருவத்துல இருக்கு?"

"கடைசித் தோலுரிப்பு முடிஞ்சிருச்சி. இன்னும் நாலு நாள்ல பழுத்துரும்."

விரலை வைத்து எண்ணினாள். நூல் விட மூன்று நாள், காய்ச்சிக் காய வைக்க இரண்டு நாள், கிருமி நீக்க ஒரு நாள், செல் நிற்கிறதா என்று பார்க்க ஒரு வாரம். ஆடிக் கடைசிக்கு ஒரு நாள் மிஞ்சியது. ஒரே ஒரு தடவைதான் செய்ய முடியும். இருக்கிற தகடுகளைக் கழுவிப் பார்க்கலாமா என்று கேட்டேன். "பூந்திக்கொட்டை எவ்வளவு போச்சின்னு எனக்கு எப்படித் தெரியும்? வேண்டாம். புதுசா வேணும்" என்றாள். பள்ளிக்கூடத்துக்கு என்ன பதில் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

அந்த நாலு நாளும் சாரல் நிற்கவில்லை. சீசன் நன்றாக இருக்கிறது என்று குற்றாலத்துக்கு வண்டி வண்டியாக ஆட்கள் போனார்கள். எங்களுக்கு அதுதான் கெட்ட காலம். நனைந்த இலையைத் தின்றால் புழுவுக்குச் சீக்கு வரும். இலையைத் துணியில் பரப்பி ஃபேனுக்கு அடியில் உலர்த்தி உலர்த்திப் போட்டோம். ஒரு தட்டில் நாலைந்து புழு உடம்பு ஊதிப் பால் நிறமாகிவிட்டது. வீட்டுக்காரர் அதைக் குச்சியால் எடுத்து வெளியே கொண்டுபோய் எரித்துவிட்டு, அந்தத் தட்டையே ஒதுக்கிச் சுண்ணாம்புத்தூள் போட்டார். அடுத்த தட்டுக்குப் பரவவில்லை. பழுத்த புழு மஞ்சளாக, வெளிச்சத்தில் கண்ணாடி போலத் தெரியும். நல்லதாகப் பொறுக்கி, காகிதத்தில் காவல் வைத்து, பலகைகளில் ஏற்றினோம். அங்காடிக்குப் போக வேண்டிய புழுவில் பாதி பலகைக்குப் போயிற்று.

தகடு உரித்த அன்று அவள் வந்தாள். சொந்தப் பாத்திரம், சொந்தக் கேன், சொந்தத் துணி. அடுப்பைப் பற்ற வைக்கும் முன்னால் ஒரு காகிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தாள்.

"வேற எதுவும்னு எழுதுனது என் தப்பு யக்கா. அது யாருக்கு என்னன்னு நான் யோசிக்கல. நீங்க பட்டுக்கு என்னெல்லாம் செய்வீகளோ எல்லாம் சொல்லுங்க. ஒண்ணொண்ணா வேண்டாம்னு எழுதுதேன்."

"பூந்திக்கொட்டை" என்றேன்.

"அத மறப்பேனா?"

"சீயக்கா. அரப்பு. கடைசி அலசுல ரெண்டு சொட்டு எலுமிச்சம்பழம்."

"யம்மா! எழுதியாச்சி."

"காயும்போது சுருங்காம இருக்கக் கஞ்சித் தண்ணி. மடிச்சி வைக்கும்போது வசம்பு. சில பேரு அந்துருண்டை."

"கொசுவத்தி" என்று வாசலில் இருந்து வீட்டுக்காரர் எடுத்துக் கொடுத்தார். "வெள்ளிக்கிழமைன்னா சாம்பிராணியும் போடுவா. கேளு."

"சாம்பிராணி... சூடம்?"

"சூடம் அடுப்பங்கரைப் பக்கம் காட்ட மாட்டேன்" என்றேன். பிறகு, எதையும் மறைப்பதில்லை என்று ஆகிவிட்டதால், "போன தடவை காயப் போட்டிருக்கும்போது துணி மேல துளி திருநீறு போட்டேன்" என்றேன்.

"யக்கா!"

"துணி மேலதான் போட்டேன். பட்டு மேல இல்ல."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் சிரித்தாள். அந்த ஒரு வாரத்தில் அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். திருநீறு என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

"வேண்டிக்கிடலாமா?" என்று கேட்டேன்.

"வேண்டிக்கிடலாம். தள்ளி நின்னு."

நான் தள்ளி நின்றேன். அவளே கொதிக்க விட்டாள், அவளே அலசினாள். என் பங்குக்குக் கடிகாரம் பார்த்துச் சொன்னேன். காய்ந்த தகடு மங்கலாக, விறைப்பாக இருந்தது. எனக்கு இன்னமும் அது பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று அவளிடமும் சொன்னேன். "அழகுக்கு இல்ல யக்கா" என்று சொல்லிப் பையில் வைத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு ஏழு நாள். நான் போன் பண்ணவில்லை. அவளும் பண்ணவில்லை. புழு மனை காலியாகி, கழுவி, ப்ளீச்சிங் பவுடர் தெளித்து, அடுத்த இளம்புழு வந்து இறங்கிவிட்டது. வீட்டுக்காரர் மட்டும் தினம் ஒருதரம், "தகவல் உண்டா?" என்பார். பட்டாளத்துப் பேச்சு. இல்லை என்று தலையாட்டுவேன்.

எட்டாம் நாள் காலையில், இளம்புழுவுக்குக் கொழுந்தை நறுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. கை ஈரமாக இருந்ததால் வீட்டுக்காரர்தான் எடுத்து என் காதில் வைத்தார்.

"யக்கா, இருக்கு" என்றாள். "எல்லாம் இல்ல. ரெண்டு துண்டுல ஒட்டல, ஏன்னு தெரியல, இனிமேத்தான் பாக்கணும். மத்ததுல எல்லாம் பிடிச்சி வளந்திருக்கு. சார் வந்து பாத்துட்டாரு. தலைப்ப மாத்த வேண்டாம்னு சொல்லிட்டாரு. அந்த அறையையும் இன்னும் ஆறு மாசத்துக்குக் கேட்டு வாங்கித் தாரேன்னுட்டாரு."

நல்லது என்றேன். நிறையப் பேசுகிறவளுக்கு அவ்வளவுதான் வந்தது.

"நீங்க அலசுன துண்டையும் தூரப் போடல யக்கா. அதையும் ஒரு சோதனையாவே எழுதப் போறேன். பட்ட வீட்டுல எப்படி அலசக் கூடாதுன்னு."

"எம்பேரு போடாத."

"போட மாட்டேன். ஆய்க்குடியில ஒரு அக்கான்னு கூடப் போட மாட்டேன்."

தட்டில் இளம்புழுக்கள் தலையைத் தூக்கி இலைக்காகக் காத்திருந்தன. நேரம் ஆகிவிட்டது. நறுக்கின கொழுந்தை ஒரு கையால் தூவிக்கொண்டே, "அதுகளுக்குச் சாப்பாடு வச்சியா?" என்று கேட்டேன்.

"இப்பத்தான் வச்சேன்" என்றாள். "நீங்க?"

"வச்சிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.